படகில் ஒருவர் மேலேயே இருக்க வேண்டும்

பிரபு,

இந்தக் கடிதத்தை நீ பாதியிலேயே மூடிவிடுவாய் என்ற சந்தேகத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் குரலைக் கேட்கப் பிடிக்காமல் போனை எடுக்காதவன், கையெழுத்தை மட்டும் படித்துவிடுவானா என்று உன் அப்பா கேட்கிறார். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு ரிஸ்வானா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்ப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். படிக்கட்டும். நடந்ததில் பாதியை அவள் கூடவே இருந்து பார்த்தவள். உனக்குத் தெரியாத விஷயங்கள்தான் இதில் இருக்கின்றன. அதனால் கோபம் தீரவில்லை என்றாலும் கடைசி வரைக்கும் படி.

அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் என்று நீ சின்ன வயதிலிருந்தே சொல்லி வருகிறாய். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியின் செக்கிங் டேபிளில் நிற்கிறவள் நான். நல்ல ஷூவை நல்ல ஷூ என்று சொல்வதற்கு எனக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. பெட்டிக்குள் போக வேண்டிய ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே தோல் தளர்ந்திருக்கிறது, எங்கே பசை சரியாக ஒட்டவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் சம்பளம். அழுக்குப் படிந்து வரும் ஷூவைக்கூட நான் சீக்கிரம் விட்டுவிடுவேன். பளபளவென்று வருவதைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பழுதை மறைக்கவும் பாலிஷ் போடுவார்கள். வேலை முடிந்து பஸ் ஏறும்போது அந்தக் கண்ணை மட்டும் டேபிளில் கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா? அந்தக் கம்பெனி பஸ்ஸை ஓட்டியவர் உன் அப்பா. அவர் எல்லோரையும் நம்புவார். ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் கை காட்டினால்கூட நிறுத்துவார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வளர்ந்த நீ, மறைக்க வேண்டியதை என்னிடம் மறைக்கவும் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்கவும் நன்றாகவே பழகிக்கொண்டாய்.

இந்த விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் வந்தது தீபாவளிக்குப் பிறகு. திமிரியில் ஒரு பெண் இருக்கிறாள், நல்ல இடம், பேசலாமா என்று உன் பெரியம்மா கேட்டிருந்தாள். உன்னிடம் சொன்னேன். வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. "மார்ச் முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். ஏன் மார்ச்? மார்ச்சில் என்ன இருக்கிறது? வேலைக்குப் போன நார்வேயில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான், மார்ச்சில் சொல்லப் போகிறான் என்று நானே முடிவு செய்தேன். அந்தப் பெண் எந்த நிறத்தில் இருப்பாள், சாம்பார் சாப்பிடுவாளா என்பது வரைக்கும் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்து நீ வேறொன்று கேட்டாய். "எனக்கு வீசிங் எந்த வயசுலம்மா நின்னுச்சு?" ஏன் கேட்கிறாய் என்றேன். "சும்மாதாம்மா" என்றாய். அதோடு அந்தப் பெண் என் மனதிலிருந்து போய்விட்டாள். உனக்கு உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது, அங்கே தனியாக ஆஸ்பத்திரிக்கு அலைகிறாய் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

வீசிங் என்ற சொல்லை நீ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறாய். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஒரு பஸ்தான் ஞாபகம் வருகிறது. நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். மத்தியானம் ஸ்கூலிலிருந்து கூப்பிட்டார்கள். ஆம்பூரில் பார்த்த டாக்டர், உடனே வேலூர் கொண்டு போங்கள் என்றார். கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். பள்ளிகொண்டா வருவதற்குள் உன் உதடு நீலமாகிவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் உன் கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. நான் கத்தவில்லை, அழவில்லை. கண்டக்டரைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் டிரைவரிடம் போய் என்னவோ சொன்னார். அதற்குப் பிறகு அந்த பஸ் எங்கேயும் நிற்கவில்லை. பள்ளிகொண்டாவில் இறங்க வேண்டியவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் உன் முகத்தில் மாஸ்க்கை வைத்தபோது, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீ என்னையே பார்த்தாய். மூச்சு என்பது வெளியிலிருந்து கொடுக்க வேண்டிய பொருளாக ஆகிவிட்டால் ஒரு பிள்ளையின் கண் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பத்தாவதுக்குப் பிறகு அது வரவில்லை என்பது உண்மைதான். போய்விட்டது என்று நீ நினைத்தாய். எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று நான் நினைத்தேன்.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது உன் அப்பா. ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்க மாடிக்குப் போனேன். அவர் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் போனைக் கவிழ்த்ததே இல்லை. வாங்கிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீருக்குள் ஒரு ஆள், முதுகில் சிலிண்டர், வாயில் குழாய், கையில் லைட். ஆளைச் சுற்றி மரம் மரமாகக் கடல்பாசி ஆடிக்கொண்டிருந்தது. "உன் புள்ளதான். நல்லாருக்கான் இல்ல?" என்றார் உன் அப்பா, ஏதோ கல்யாண போட்டோவைக் காட்டுவது மாதிரி. மார்ச் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டேன். நீ பயந்துகொண்டேதான் ஆரம்பித்தாய். நான் திட்டவில்லை என்றதும் உனக்குப் பேச்சு பெருகிவிட்டது. உன்னோடு வேலை செய்யும் நாலு பேரும் நீயும் ஒரு படகில் ஒரு வாரம் கரையோரமாகவே வடக்கே போகிறீர்கள். மலை அப்படியே பனியோடு கடலுக்குள் இறங்குமாம். மார்ச்சில் தண்ணீர் தெளிவாக இருக்குமாம், வெயில் காலம் வந்தால் கலங்கிவிடுமாம். ஒரு நாள் பாசிக் காடு, ஒரு நாள் பழைய கப்பல் முழுகிக் கிடக்கும் இடம், ஒரு நாள் பாறைப் பிளவு. படம் போட்டுக் காட்டினாய். உன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு ரோடு இருக்கிறதா என்று கேட்டார். நான் உடையைப் பற்றிக் கேட்டேன். தண்ணீர் உள்ளே வரவே வராத உடை, அதற்குள் கம்பளி போட்டுக்கொள்வோம் என்றாய். தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா, ஜிப் எங்கே முடிகிறது, கழுத்தில் எப்படி அடைக்கிறார்கள் என்று கேட்டேன். நீ உடையை எடுத்து வந்து கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்தாய். அந்தத் தையலில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஜாஸ்தி குளிரில் காற்று விடும் கருவி உறைந்துபோய், மூச்சுக்காற்று மொத்தமும் தானாக வெளியே கொட்டிவிடும் ஆபத்து உண்டு என்று நீயே சொன்னாய். அதற்கு என்ன செய்வீர்கள் என்றேன். எல்லோரிடமும் இரண்டு கருவி இருக்கும், பக்கத்தில் கூட்டாளி இருப்பான், எல்லாம் பழகியாச்சு என்றாய்.

அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. நார்வே போன பிறகு நீ எங்களோடு அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. ஆனாலும் உள்ளே ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. நான் எதைக் கேட்டாலும் நீ தயங்காமல் பதில் சொன்னாய். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்போது கேமராவைப் பார்க்கவில்லை. "வீசிங் இருந்துச்சுன்னு அவங்ககிட்ட சொன்னியா?" என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்லியாச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே நீ உடைக்குள் போடும் கம்பளி உறையை மடித்தாய். மடித்த உறையையே திரும்பவும் மடித்தாய்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். நான் தண்ணீருக்கு எதிரி என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வீசிங் உள்ள பிள்ளை தண்ணீரில் இறங்கக் கூடாது என்று நான் தடுத்ததால், நீ காலேஜ் படிக்கும்போது நீச்சல் கற்றுக்கொண்டதை இன்றைக்கு வரைக்கும் என்னிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை தோறும் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போய், தலை ஈரமாகத் திரும்பி வந்தாய். கேட்டால் வேர்வை என்றாய். ஒரு சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் உன் பின்னாலேயே வேலூருக்கு வந்தேன். சிகரெட்டா, பெண்ணா, வேறு ஏதாவதா என்று நினைத்துக்கொண்டே சத்துவாச்சாரி வரைக்கும் வந்து, ஒரு கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். நீ நீலத் தண்ணீரில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தாய். ஒவ்வொரு கை வீச்சுக்கும் தலையைத் திருப்பி மூச்சை எடுத்தாய். மூச்சு உனக்கு வந்தது, பிரபு. எடுத்துக்கொள்ளத் தெரிந்தவன் மாதிரி எடுத்துக்கொண்டாய். உன் மாஸ்டர் கரையில் நின்று கைதட்டினார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நீ ஏறி வரும் வரைக்கும் பார்த்துவிட்டு, உனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு மீன் குழம்பு வைத்தேன். ஏன் இன்னைக்கு மீன் என்று கேட்டாய். சும்மா என்றேன். நீ மறைத்தாய் என்று நானும் மறைத்தேன். அதனால், அம்மா என்னைத் தண்ணீரில் விடமாட்டாள் என்று இனிமேல் சொல்லாதே. நான் விட்டவள்தான்.

படகுக்காரரின் முகத்தைப் பார்க்காமல் நீ போகக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தது, நீ அந்தக் கம்பளி உறையைத் திரும்பவும் மடித்ததால்தான். நீ சலித்துக்கொண்டே ஏற்பாடு செய்தாய். படகுக்காரர் எய்ரிக் அவருடைய போனிலிருந்தே பேசினார். படகுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் அவரும் நீயும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நரைத்த தாடி, பெரிய கை. பின்னால் ஜன்னலில் வெள்ளை மலை. அவர் இங்கிலீஷில் பேச, நீ தமிழில் சொல்வதாக ஏற்பாடு. இந்தப் பக்கம் நானும் உன் அப்பாவும் இருப்பதாகத்தான் உனக்குத் தெரியும். கேமராவில் படாமல், இங்கிலீஷ் தெரிந்த ரிஸ்வானாவையும் உட்கார வைத்திருந்தேன். நீ சொல்வது சரியா என்று பார்க்கத்தான். இதைச் செய்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். செக் பண்ணுகிற இடத்தில், செய்தவனையே சாட்சிக்கு வைத்துக்கொள்ள முடியாது.

நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். அவர் படகில் போனவர் யாராவது திரும்பி வராமல் போயிருக்கிறார்களா? நீ கேட்கத் தயங்கினாய். கேள் என்றேன். எய்ரிக் மேஜையைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசினார். அவர் பேசியது ஒரு முழம். நீ சொன்னது ஒரு சாண். "அந்த மாதிரி எதுவும் நடக்கலயாம்மா." அவர் நிமிர்ந்து, நேராக என்னைப் பார்த்து வேறு என்னவோ கேட்டார். அந்த வாக்கியத்தில் ஒரே ஒரு சொல் எனக்குப் புரிந்தது. நம்ம ஊர் டாக்டர் போர்டில் எழுதியிருப்பது மாதிரியே, நடுவில் 'த்' சத்தத்தோடு சொன்னார். ஆஸ்த்மா. நீ சிரித்துக்கொண்டே, "சின்ன வயசுல நான் மீன் நல்லா சாப்டுவனான்னு கேக்குறாரும்மா" என்றாய்.

நான் ரிஸ்வானாவைப் பார்த்தேன். அவள் இல்லை என்று மெல்லத் தலையசைத்துவிட்டுக் குனிந்துகொண்டாள். உன் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லா சாப்பிடுவான் என்று சொல் என்பது மாதிரி என் கையை இடித்தார். ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் போதும். நீ அதை வேறு மாதிரி மாற்றிச் சொல்லியிருப்பாய். மார்ச் வந்திருக்கும். நீ போயிருப்பாய். உன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் என்னைக் கெஞ்சியது. அந்தக் கண்ணை எனக்கு முன்பே தெரியும். நான் எய்ரிக்கிடமே பேசினேன். எனக்குத் தெரிந்த கம்பெனி இங்கிலீஷில் பேசினேன். "யெஸ். ஆஸ்துமா. ஸ்மால் பாய். வேலூர் ஆஸ்பிட்டல். ஆக்சிஜன்."

அவர் உன் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துத் தேங்க்யூ என்று சொல்லிவிட்டு, மெதுவாக இன்னும் கொஞ்சம் பேசினார். நீ அதைத் தமிழில் சொல்லவில்லை. போன் நின்றுபோன பிறகு ரிஸ்வானாதான் சொன்னாள். "டெஸ்ட் எடுக்காம உங்க புள்ளைய தண்ணில எறக்க மாட்டேன்றாரு ஆன்ட்டி." அதற்கு முன்னால் அவர் நீளமாகப் பேசியது என்ன என்றும் சொன்னாள். பல வருஷத்துக்கு முன் அவருடைய படகில் வந்த ஒருவர், நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிடுவதை மறைத்துவிட்டுக் கீழே போனார். ஏறி வரவில்லை. அந்த மனிதரின் அம்மாவுக்கு எய்ரிக்தான் போன் செய்து சொன்னாராம்.

நீ ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாய். கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "மூணு வருஷமா இங்க கீறேன்மா. வேல விட்டா ரூமு, ரூமு விட்டா வேல. ஒருத்தன் என்னை வாடான்னு கூப்ட்டதில்ல. இவங்கதான் கூப்ட்டாங்க. அதையும் கெடுத்துட்ட." அவ்வளவுதான். வைத்துவிட்டாய். நீ மறைத்தவற்றில் இதை மட்டும் நான் கண்டுபிடிக்கவே இல்லை, பிரபு. பெண் இருக்கிறாளா என்று சந்தேகப்பட்டேன், நோய் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டேன். உனக்கு யாருமே இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று கேட்கும்போதெல்லாம் வெளியே போனேன் என்பாய். யாரோடு என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கு உன் அப்பா என்னோடு சேர்ந்து சாப்பிடவில்லை. "அவன் மூச்சு அவனுக்குத் தெரியாதா? நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். அவர் தட்டை மூடி வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

டெஸ்ட் முடிவை நீ உன் அப்பாவிடம்தான் சொன்னாய். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் சமையலறைக்கு வந்து அடுப்பை அணைத்தார். "சும்மா ஊதச் சொன்னப்ப நல்லாதான் இருந்துச்சாம். ஓட வச்சு, குளுந்த காத்த இழுக்கச் சொன்னாங்களாம். நெஞ்சு அடச்சுக்கிச்சாம்" என்றார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிலிண்டரில் வருவது குளிர்ந்த, வறண்ட காற்று என்றும், இதே அடைப்பு தண்ணீருக்கு அடியில் வந்திருந்தால் மேலே வர அவகாசம் கிடைத்திருக்காது என்றும் டாக்டர் சொன்னாராம். மருந்து ஒழுங்காக எடு, அடுத்த வருஷம் திரும்பப் பார்க்கலாம், அதுவரைக்கும் கீழே இறங்காதே என்றாராம். அம்மா சொன்னது சரியாகப் போய்விட்டது, ஜெயித்துவிட்டாள் என்று நீ நினைத்திருப்பாய். என் டேபிளில் ஒரு ஜோடி ரிஜெக்ட் ஆனால் எனக்கு ஒரு திருப்தி உண்டு. அன்றைக்கு அது வரவில்லை. என் சந்தேகம் தப்பாகப் போகட்டும் என்று அதற்கு முன் ஒரு தடவைகூட நான் வேண்டிக்கொண்டதில்லை. அந்த டெஸ்ட்டுக்கு முன்னால் வேண்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் உன் அப்பாதான் சொன்னார். நீ கீழே இறங்க வேண்டாம், படகில் மேலே இரு, கட்டாயம் வா என்று எய்ரிக் உன்னைக் கூப்பிட்டாராம். நாலு பேரும் கூப்பிட்டார்களாம். நீ முடியாது என்றுவிட்டாயாம். "பாவம் பாத்து கூப்புட்றாங்கப்பா. எல்லாரும் குதிச்ச பிறகு, கரண்டி புடிச்சுக்கினு சூப்பு காய்ச்சணுமா நான்?" என்று கேட்டாயாம். எனக்கும் அதே சந்தேகம்தான் வந்தது. நீ என் பிள்ளைதானே. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு நான் சும்மா இருப்பதில்லை. எய்ரிக்கின் நம்பர் என் போனில் இருந்தது. போன வெள்ளிக்கிழமை ரிஸ்வானாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நானே அவருக்குப் போன் போட்டேன். இது உனக்குத் தெரியாது. அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். என் பிள்ளையைப் பரிதாபப்பட்டுக் கூப்பிடுகிறீர்களா? ரிஸ்வானா அதை இங்கிலீஷில் சொன்னாள். பிறகு அவர் சொன்னதை ரிஸ்வானா சொல்லச் சொல்லக் கேட்டேன். படகில் வருகிறவர்கள் எல்லோரும் கீழே போகத்தான் ஆசைப்படுவார்களாம். ஆனால் ஒருவர் மேலேயே இருக்க வேண்டுமாம். தண்ணீரில் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்க, காற்று திரும்புகிறதா என்று பார்க்க, படகு பாறைப் பக்கம் ஒதுங்காமல் பார்க்க, விரல் மரத்துப்போய் ஏணியைப் பிடிக்க முடியாமல் வருகிறவனைத் தூக்க. வழக்கமாக அவரோடு இருக்கும் ஆள், மீன் பிடிக்கும் காலம் என்று வேறு படகுக்குப் போய்விட்டாராம். உன்னைக் கூப்பிட்டது அந்த இடத்துக்கு.

பிறகு அவர் என்னை ஒன்று கேட்டார். ரிஸ்வானா "கோச்சுக்காதீங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னாள். "உங்க மகன் என்கிட்ட பொய் சொன்னான். மேல உக்காந்து இருக்கறவன் ஒரு தப்பப் பாத்தா, எல்லாரும் அவனத் திட்டுவாங்கன்னு தெரிஞ்சாலும் வாயத் தொறந்து சொல்லணும். அவன் சொல்லுவானா? நம்பலாமா?"

நம்பலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? ஆனால் மேலே இருக்கிறவன் சொல்லப்போகும் சொல்லை நம்பி நாலு பேர் தண்ணீருக்குள் இறங்கப் போகிறார்கள். அந்த நாலு பேருக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள். "எனக்குத் தெரியாது. அவனையே கேளுங்க" என்றேன். ரிஸ்வானா என்னைப் பார்த்து, "அப்டியேவா சொல்லணும்?" என்றாள். அப்படியே சொல்லு என்றேன். சொன்னாள். பிறகு நான் இதையும் சொல்லச் சொன்னேன். அவன் கடல் மேல் உள்ள ஆசையில் பொய் சொல்லவில்லை, உங்களோடு ஒரு வாரம் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னான், அது மட்டும் எனக்குத் தெரியும் என்று. எய்ரிக் சரி என்றார். வரும் வியாழக்கிழமை காலையில் படகு கிளம்பும், அதற்கு முன் அவனே என்னைக் கூப்பிட்டுப் பேசட்டும், அதுவரைக்கும் அந்த இடத்துக்கு வேறு யாரையும் வைக்க மாட்டேன் என்றார்.

உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் இதை எழுதியிருக்கிறேன். உன் அம்மா உனக்காக உத்தரவாதம் கொடுக்கவில்லை. உனக்கு இப்போது யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. நீயேதான் கொடுத்துக்கொள்ள வேண்டும். பாவம் பார்க்கிறவர்கள் இப்படிக் கேள்வி கேட்க மாட்டார்கள். சூப்பு காய்ச்சுகிறவனிடம் நம்பலாமா என்று எவனும் கேட்பதில்லை. அவர் உன்னைச் சந்தேகப்படுகிறார். சந்தேகப்பட்டும் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்தவரையில் அதற்கு மேல் மரியாதை கிடையாது. அந்த நாலு பேரும் உன்னை மறுபடியும் கூப்பிட்டார்கள் என்பதையும் நீ சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. முதல் தடவை கூப்பிட்டது உன் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல். இரண்டாவது தடவை தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்குப் போன் செய்ய வேண்டாம். நானும் செய்ய மாட்டேன். அவரைக் கூப்பிடு. நான் பொய் சொன்னேன் என்று முதலில் சொல், மற்றது பிறகு வரும். மருந்தைப் பையின் அடியில் போடாதே, சட்டைப் பையில் வை. படகில் எல்லோருக்கும் முன்னால் எடுத்துப் போட்டுக்கொள். அவர்கள் இறங்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணிக்கொள். கீழே எவ்வளவு அழகு என்று யோசித்துக்கொண்டு உட்காராதே, குமிழியைப் பார். தண்ணீர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அதை நம்பாதே. அவர்கள் ஏறி வரும்போது திரும்பவும் எண்ணு. கணக்கு சரியாக இருந்தால், கடைசி ஆளின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, அதற்குப் பிறகு தலையை நிமிர்த்தி அந்த மலையைப் பார்.

அம்மா